முன்பாரம், பின்பாரம்: சாலையில் உறங்குவதன் வரலாறு

1

வண்டி ஒன்று செய்வதென்று நாங்கள் நால்வர் முடிவெடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லக்கூடிய, இருவர் படுத்துறங்க மட்டுமே இடமுள்ள ஒரு சிறு வண்டி. முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் நீர்த்துளியைப் போலிருக்கும். அமெரிக்கர்கள் இதை டியர்டிராப் டிரெய்லர் என்கிறார்கள். கண்ணீர்த்துளி என்று மொழிபெயர்த்தால் சோகம் கூடிவிடும் என்பதால் எங்களுக்குள் துளிவண்டி என்று பெயர் வைத்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் வரைவாளர். ஒருவர் காஞ்சிபுரத்தில் ஆசிரியை. மற்ற இருவருக்கும் புத்தகம் படிப்பதும் ஊர் சுற்றுவதும் தவிர வேறு தகுதி கிடையாது.

நால்வருக்கும் நடுவான இடம் என்பதால் சுங்குவார்சத்திரத்தில் சந்திப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தேநீர்க் கடையில், பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில், வண்டியின் முதல் வரைபடம் உருவாயிற்று. மூன்றாவது சந்திப்பில்தான் ஆசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டார்: "படுக்கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பற்றி யோசிக்க நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரே சத்திரம். இது யாருக்காவது உறைக்கிறதா?"

உறைத்த பிறகு வண்டி வேலை கொஞ்சம் தாமதப்பட்டது. சாலையில் இரவைக் கழித்தவர்கள் இதற்கு முன் என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். இக்கட்டுரை அந்தத் தேடலின் சுருக்கம்.

2

இந்த நெடுஞ்சாலையில் சத்திரம் என்ற பெயரைத் தாங்கிய ஊர் இது ஒன்று மட்டுமல்ல. மேற்கே காஞ்சிபுரத்தைக் கடந்ததும் பாலுசெட்டிசத்திரம் வருகிறது. இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுதான். இன்று கார் அரைமணியில் கடந்துவிடும். மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்கும் காளைகளுக்கோ அது ஏறத்தாழ ஒரு முழுநாள் உழைப்பு. சாலையோரச் சத்திரங்களுக்கு இடைப்பட்ட தொலைவைத் தீர்மானித்தது கட்டியவரின் தர்மசிந்தனை மட்டும் அல்ல, காளையின் கால்களும்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தமிழகத்தின் சத்திர மரபு நீண்டது. மதுரையில் ராணி மங்கம்மாளின் பெயர் (ஆட்சிக்காலம் 1689 - 1706) சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்ந்தே இன்றும் நினைக்கப்படுகிறது. தஞ்சை மராட்டியர் ராமேஸ்வரம் செல்லும் வழியில் வரிசையாகச் சத்திரங்களை அமைத்தார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் 1802இல் இரண்டாம் சரபோஜி ஏற்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு எழுதிய கடிதமொன்றில், சத்திரங்களில் வழிப்போக்கருக்கு அன்னம் அளிப்பதையும், குழந்தைகளுக்குப் பால் தருவதையும், நோயுற்றோரையும் கருவுற்ற பெண்களையும் பராமரிப்பதையும் விவரிக்கிறார். ஒரு சாலை தன்மீது நடப்பவர்களுக்கு என்னென்ன தர வேண்டும் என்பதற்கான பட்டியலாகவே அதை வாசிக்கலாம்.

பழம்பெருமை பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சத்திரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்ததில்லை. யாருக்குச் சமைத்த சோறு, யாருக்கு அரிசியும் பருப்பும், யார் உள்ளே, யார் திண்ணையில், யாருக்குத் திண்ணையும் இல்லை என்பதைச் சாதி முடிவு செய்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த முசாபரி பங்களாக்கள் வேறொரு சாதியைப் படைத்தன, அவை அதிகாரிகளுக்கானவை. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கு அன்று ஒரே கூரை வண்டிதான். மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கூண்டு வண்டிக்குள்ளோ, பார வண்டியின் அடியில் சாக்கை விரித்தோ உறங்கினார்கள். அவ்வகையில் துளிவண்டி நமக்குப் புதிதல்ல.

வண்டிக்காரர்களிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த பெரிய செல்வம் இரு சொற்கள்: முன்பாரம், பின்பாரம். இரட்டைச் சக்கர வண்டியில் சுமை இருசுக்கு முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். நல்ல வண்டிக்காரர் மூட்டைகளை ஏற்றும்போதே இலேசான முன்பாரம் நிற்குமாறு பார்த்துக்கொள்வார். காரால் இழுக்கப்படும் வண்டிக்கும் இன்றைய பொறியியல் சொல்வது இதையேதான். மொத்த எடையில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் நடைமுறை. பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் வண்டி பாம்பைப் போல் நெளியத் தொடங்கிக் காரையும் கவிழ்த்துவிடும். எங்கள் வரைவாளர் இதை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் "முன்பாரம் வேணும்ங்கிறீங்க" என்று ஒரே வரியில் முடித்தார்.

பாரத்தைப் பற்றி நம் காலத்தில் விடாமல் பேசியவர் ஒருவர் உண்டு. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ். ராமசாமி, மேலாண்மை வகுப்புகளுக்கு அப்பால் மாட்டு வண்டியின் சீர்திருத்தத்துக்காக உழைத்தார். விலங்கின் கழுத்தை வருத்தும் நுகமும் வண்டியின் வீண் எடையும் அவருடைய கவலைகள். லாரியைப் பற்றிப் பேசுவதே முன்னேற்றம் என்றிருந்த காலத்தில் அவர் வண்டியின் எடையைப் பற்றிப் பேசினார்.

3

கடல் கடந்தால் இதே கதை வேறு விதமாக நடந்திருக்கிறது. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கப்பற்படை மருத்துவர், பிரிஸ்டல் நகரின் வண்டித் தொழிற்சாலையில் தமக்கென ஒரு பயண வீட்டைச் செய்வித்தார். வாண்டரர் என்று பெயர். உயர்ந்த மரங்களால் இழைத்தது. ஏறத்தாழ இரண்டு டன். குதிரைகள் இழுத்தன. வசதியுள்ளவரின் ஓய்வுப் பயணம் அது. எடை ஒரு பிரச்சினையாகவே இல்லை, ஏனெனில் எடையைச் சுமந்தவை குதிரைகள்.

எடை பிரச்சினையானது அமெரிக்காவில், 1930களின் பொருளாதார மந்தத்தின்போது. கையில் பழைய கார் இருந்தது, பணம் இல்லை. விடுதிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் படுக்கையை இழுத்துச் சென்றார்கள். பலவீனமான எஞ்சின் எதை இழுக்குமோ அதுவே வீட்டின் அளவு. இந்தக் கட்டத்தில் இலேசாகக் கட்டும் வித்தை விமானத்திலிருந்து வந்தது என்பது எங்களுக்கு வியப்பாயிருந்தது. லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் ஹாலி போலஸ். எஞ்சினில்லாத கிளைடர் விமானங்களைக் கட்டியவர். அவரே 1934இல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ரோட் சீஃப் என்ற இழுவை வண்டியைச் செய்தார். அந்த வழியில் 1936இல் வந்ததுதான் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கிளிப்பர்.

போலஸின் வண்டி ஏழைகளுக்கு எட்டவில்லை. துளிவண்டி எட்டியது. அதை வீட்டுக் கொல்லையில் யாரும் செய்யலாம் என்பதே அதன் பெருமை. மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் போன்ற கைத்தொழில் இதழ்கள் 1947இல் இதற்கான வரைபடங்களை வெளியிட்டன. போரிலிருந்து திரும்பியவர்கள் அவற்றைப் பார்த்து அறுத்து ஒட்டினார்கள். பெரும்பாலான துளிவண்டிகள் எட்டடி நீளம், நாலடி அகலம். ஏன் அந்த அளவு? பிளைவுட் பலகை அந்த அளவில்தான் விற்கப்படுகிறது. நம் ஊர் தச்சர்களும் "எட்டுக்கு நாலு" என்றே கேட்டு வாங்குகிறார்கள். தரைக்கு ஒரு பலகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கூரைக்கு வளையும் மெல்லிய பலகை. மனிதன் படுக்க ஆறடி, தலைக்கும் காலுக்கும் மிச்சம். பின்பக்க மூடியைத் தூக்கினால் அங்கே ஒரு சமையல் மேடை; மழை வந்தால் அந்த மூடியே குடை. பின்னர் கார்கள் வலுப்பெற, வண்டிகள் பெருத்தன. 1960களில் துளிவண்டி ஏறக்குறைய மறைந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்வலர்கள் கையில் மறுபடி பிறந்தது.

4

இங்கே திரும்புவோம். ஒரகடம் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் நின்று பார்த்தால், துளிவண்டிக்கு நம் நாட்டில் யார் வாரிசு என்பது தெரிந்துவிடும். வரிசையாக நிற்கும் லாரிகளின் ஓட்டுநர் அறைதான் அது. இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை, அதன்மேல் மெத்தை, கண்ணாடியில் பிள்ளைகளின் படம், கொக்கியில் துண்டு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் எத்தனையோ பேருக்குப் படுக்கையறை கட்டித் தந்திருக்கின்றன. உல்லாசத்துக்காக அல்ல, வேறு இடமில்லை என்பதால்.

சட்டம் இதை அறியாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவு தங்க நேரும் இடங்களில் தொழிலாளர்களுக்கு ஓய்வறை அமைப்பது முதலாளியின் கடமை என்றது. எங்கள் பார்வையில் அது சட்டமொழியில் எழுதப்பட்ட சத்திரம். ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒற்றை லாரி முதலாளியும் அவருடைய கிளீனரும் சட்டத்தின் திண்ணையிலும் இடம் பெறவில்லை. அச்சட்டத்தை 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தனக்குள் சேர்த்துக்கொண்டது. 2023 டிசம்பரில் வெளியான அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்றது. சாலை தராததை வண்டிக்குள் வைப்பது என்ற அதே வழி.

உறங்குமிடத்தையே முதன்மையாகக் கொண்டு தமிழ்நாட்டில் வண்டி கட்டியவர்களில் பரவலாக அறியப்பட்டவர் அருண் பிரபு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளின் சிறு வீடுகளை ஆராய்ந்த பின், 2019இல் பழைய மூன்று சக்கர ஆட்டோ ஒன்றின்மீது முப்பத்தாறு சதுர அடியில் சோலோ 01 என்ற வீட்டைப் பொருத்தினார். படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை அனைத்தும் உண்டு. செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய். கழித்த பழைய பொருட்களைப் பெருமளவு பயன்படுத்தினார். ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால் வீடு வண்டியிலிருந்து பிரிந்துவிடும். 2021இல் ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்டி எழுதியதும் உலகம் பார்த்தது.

நாங்கள் அதை ஒரு எடைத் தராசோடு பார்த்தோம். சோலோ 01இன் கூரையில் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நிரம்பினால் 250 கிலோ. எங்கள் துளிவண்டி மொத்தத்துக்கும் நாங்கள் ஒதுக்கிய எடையே 300 கிலோதான். இது குறை சொல்வதற்கல்ல. அவர் கட்டியது குடியிருக்கும் வீடு. இடம் மாறிப் பிழைப்பவர்களுக்கும் பேரிடரில் வீடிழந்தவர்களுக்கும் பயன்படும் என்பதே அதன் நோக்கம். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரை வேறு யாரும் தரப்போவதில்லை. ஆகவே வீடு அதைச் சுமக்கிறது.

அந்த இடத்தில்தான் இதுவரை தேடியதெல்லாம் ஒரு வரியில் திரண்டது. சாலை எதைத் தருகிறதோ அதை வண்டி சுமக்க வேண்டியதில்லை; சாலை எதை மறுக்கிறதோ அது கிலோவாக மாறி வண்டியில் ஏறிக்கொள்கிறது.

5

இனி எங்கள் பட்டியல். இரும்புச் சதுரக் குழாயில் சட்டகமும் இழுவைக் கையும் 42 கிலோ. அச்சு, லீஃப் ஸ்பிரிங், இரு சக்கரங்கள் 70. தரைக்குப் பன்னிரண்டு எம்.எம். பிளைவுட் 24. இரு பக்கச் சுவர்கள், வளைவை அறுத்த பிறகு, 42. கூரையின் விலாச் சட்டங்களும் மெல்லிய பலகையும் 18. அதன்மேல் அலுமினியத் தகடு 9. பின்மூடி, கதவுகள், ஜன்னல், கீல், தாழ்ப்பாள் 20. ஆகக் கூடு மட்டும் 225. மெத்தை 12, மின்கலமும் கம்பிகளும் 14, அடுப்பும் ஐந்து கிலோ சிலிண்டரும் 15, பாத்திரமும் மளிகையும் 20, தண்ணீர் 20, துணிமணியும் போர்வையும் 20. மொத்தம் 326. இருபத்தாறு கிலோ மிகை.

சுவரை ஒன்பது எம்.எம். ஆக்கி உள்ளே சட்டம் கொடுத்தால் ஏழு கிலோ குறையும் என்றார் வரைவாளர். மிச்சத்துக்கு வாக்குவாதம். எங்களில் ஒருவர் டிகாஷன் வடிகட்டியை விட்டுத்தர முடியாது என்றார். இறுதியில் வென்றது எதிரே நின்ற தேநீர்க் கடைதான். விடியற்காலை நான்கு மணிக்கும் தேநீரும், நள்ளிரவிலும் பரோட்டாவும் கிடைக்கும் சாலையில் அடுப்பைச் சுமப்பானேன்? அமெரிக்கத் துளிவண்டியின் அடையாளமே அந்தப் பின்புறச் சமையல் மேடை. அது அங்கிருந்த சாலையின் பதில். நம் சாலையில் சத்திரம் போனாலும் சோறு போகவில்லை. அடுப்பையும் சிலிண்டரையும் நீக்கினோம், 15, பாத்திரத்தில் 8. கணக்கு 296க்கு வந்தது. நாங்கள் மகிழ்ந்தோம்.

அதுவரை பேசாதிருந்த ஆசிரியை பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இது ஆண்கள் போட்ட பட்டியல்" என்றார். இரவில் ஒதுக்குப்புறமாக நிற்கும் வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கிக் கழிப்பறை தேடிப் போவாளா? பெட்ரோல் பங்கில் இருப்பது பூட்டியிருந்தால்? ஐந்து கிலோவில் கையடக்கக் கழிப்பெட்டி ஒன்று சேர்க்கப்பட்டது. இப்போது 301. அந்த ஒரு கிலோவைக் குறைக்க வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். இந்த நெடுஞ்சாலை மறுப்பது எது என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

எடை முடிந்தால் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் அடக்குகிறது. எஞ்சின் இல்லாவிட்டாலும் பதிவு வேண்டும். வாகனத்தைத் தயாரிப்பாளரின் மூலக் குறிப்புகளுக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில், உறுதிபடச் சொல்லிவிட்டது. ஆகவே காரின் பின்னால் கொக்கி பொருத்துவதையும் அதிகாரியிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் நாங்கள் தேநீர் குடிக்கும் இடத்துக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. கொல்லையில் ஒற்றை வண்டி அறுப்பவனை அல்ல. விதிகளின்மேல் எங்களுக்குக் கோபமில்லை. பின்பாரம் கூடிய வண்டி நெடுஞ்சாலையில் யாரைக் கொல்லும் என்று தெரிந்த பிறகு கோபப்பட முடியாது.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். சக்கரமில்லாத கூட்டை முதலில் செய்து, நான்கு முட்டுகளின்மேல் நிறுத்தி, எடைமேடையில் நிறுத்துப் பார்ப்போம். அருண் பிரபுவின் ஆறு போல்ட்டுகளிலிருந்து கற்றபடி, கூடும் சட்டகமும் பிரியக்கூடியவையாக இருக்கும். பதிவுக்கு வழி தெளிவானால் சட்டகம் வரும். அதுவரை அது யாருடைய தோட்டத்திலாவது நிற்கும் ஒரு திண்ணை.

6

1990களின் இறுதியிலிருந்து இந்த வட்டாரம் கார்களையும் லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் உலகுக்குச் செய்து தருகிறது. சக்கரங்கள் செய்யும் கைகள் இரவில் எங்கே உறங்குகின்றன என்ற கேள்வி நெடுநாள் கேட்கப்படவில்லை. 2021 டிசம்பரில், விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள், விடுதி உணவால் சகதொழிலாளர்கள் நோயுற்றதை அடுத்து இதே நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. சரபோஜியின் பட்டியலும் அந்தப் பெண்களின் கோரிக்கையும் அடிப்படையில் ஒன்றே: உண்ணத் தகுந்த சோறு, உறங்கத் தகுந்த இடம்.

போன வாரம் தச்சர் பக்கச் சுவரின் வளைவைப் பலகையில் வரைந்தார். கூரை எங்கே உயர வேண்டும் என்று தெரிந்துகொள்ள, எங்களில் உயரமானவரைத் தரையில் விரித்த எட்டுக்கு நாலின்மீது படுக்கச் சொன்னார். தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சமிருந்தது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது, கண் அசந்துவிட்டது என்றார்.